தண்ணீர் வந்த நாளைக் கேட்டுவிட்டுத் தூண்டில் போடுங்கள்

வாசகர் வினா – விடை

மேட்டூர் அணை திறக்கப்பட்ட செய்தி வந்தவுடன் ஆற்று மீன் பற்றிய கடிதங்களும் வரத் தொடங்கிவிடும். இந்த முறை அவற்றுள் ஆறு கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றப் பொருள்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

வினா: அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மகன், அங்கே பண்ணையில் வளர்த்து ஆற்றில் விடப்படும் டிரவுட் மீனைத் தூண்டிலில் பிடிப்பதற்காக, முன்பின் தெரியாத மூன்று நான்கு ஆறுகளுக்கு ஒரே நாளில் காரில் சென்று வந்ததை ஆசையாகச் சொன்னான். ஆவணி மாதம் ஊருக்கு வருகிறான். நம் காவிரியில் அந்த மீனை விட்டால் வளராதா? வளராது என்றால், இங்கே அவனோடு ஒரு நாள் எந்தெந்த ஆறுகளைச் சுற்றி வரலாம்?
— தஞ்சாவூர் வாசகர் ஒருவர்

விடை: ஐயா, முதல் கேள்விக்கான பதில், வளராது என்பதுதான். டிரவுட் குளிர்நீர் மீன். பத்து முதல் பதினெட்டு டிகிரி செல்சியஸ் வரை உள்ள ஓடும் நீரில்தான் அது நன்றாக இருக்கும். இருபதைத் தாண்டினால் இரை எடுப்பது குறைந்து தவிக்கத் தொடங்கும். நம் ஆற்று நீரோ ஆவணியில் முப்பது டிகிரியை ஒட்டி இருக்கும். வெப்பம் மட்டுமே காரணமன்று. 15 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும் என்றால், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம் அளவுக்குத்தான் கரைந்திருக்க முடியும். நம் கெண்டைக்கு அது போதும், டிரவுட்டுக்குப் போதாது.

ஆனாலும் அந்த மீனுக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. 1860களில் நீலகிரியில் டிரவுட்டைக் கொண்டுவந்து வளர்க்கப் பிரான்சிஸ் டே என்ற மீனியல் அறிஞர் முயன்று, அம்முயற்சி பலிக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் மீண்டும் முயன்றபோதுதான் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்து, அங்குள்ள மலை ஓடைகளில் வானவில் டிரவுட் நிலைத்தது. அவலாஞ்சி நீர் குந்தா ஆற்றின் வழியாகப் பவானியில் சேர்கிறது. பவானி, கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. எனவே டிரவுட் நீந்திய நீரின் ஒரு பங்கு கல்லணைக்கும் வந்து சேரத்தான் செய்கிறது. மீன் மட்டும் மலையை விட்டு இறங்குவதில்லை. உங்கள் மகனுக்கு டிரவுட்டையே பார்க்க வேண்டுமென்று இருந்தால் உதகைக்குத்தான் போக வேண்டும். அது வனப்பகுதி என்பதால், அங்கே தூண்டிலோடு கரையில் இறங்குவதற்கு முன்பே உரிய துறைகளிடம் கேட்டு அனுமதி பெற்றாக வேண்டும்.

அவர் அங்கே பார்த்ததற்கும் இங்கே பார்க்கப்போவதற்கும் உள்ள பெரிய வேறுபாட்டைப் புறப்படும் முன்பே அவருக்குச் சொல்லிவிடுங்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் பிடிக்கும் அளவுக்கு வளர்ந்த டிரவுட்டையே ஆற்றில் விடுகிறார்கள். எந்த ஆற்றில் எப்போது விடுகிறோம் என்று முன்கூட்டியே அறிவிக்கிற மாநிலங்களும் உண்டு. உரிமம் வாங்கியவர் நாளொன்றுக்கு இத்தனை மீன் என்ற வரம்புக்குள் பிடித்துச் செல்லலாம். விடப்பட்ட மீன்களில் பெரும்பாலானவை பாலத்தடியிலும் சாலையோர மடுக்களிலும், அதாவது விட்ட இடத்துக்கு அருகிலேயே, சில நாட்கள் தங்கியிருக்கும். ஆகவே அறியாத ஆறாக இருந்தாலும் ஒரு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மீனைக் கண்டுபிடித்துவிடலாம். நம் ஆறுகளில் மீன்துறை விடுவது விரல் நீளக் குஞ்சுகளை. அவை ஆற்றோரத்து மீனவர்களின் பிழைப்புக்காக விடப்படுபவை. வளர்வதற்கு ஓராண்டாவது வேண்டும். விட்ட இடத்திலேயே அவை காத்திருப்பதும் இல்லை. ஆகையால் இங்கே, விட்ட இடம் எது என்று தேடுவதில் பயனில்லை. தண்ணீர் எப்போது வந்தது என்று கேட்க வேண்டும்.

அதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், டெல்டாவின் ஆறுகள் மழையைப் பார்த்து ஓடுபவை அல்ல, மதகைப் பார்த்து ஓடுபவை. வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்து ஜனவரி 28 அன்று மூடுவார்கள். 2024இல் போல ஜூலை 28 வரை தள்ளிப்போன ஆண்டுகளும் உண்டு. மேட்டூரில் திறந்த நீர் கல்லணைக்கு வர ஏறத்தாழ மூன்று நாளாகும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்துவிடப்படும். மிகுதி நீர் கொள்ளிடத்தில் போகும். நீர் குறைவாக உள்ள ஆண்டில் இந்த ஆற்றுக்கு இத்தனை நாள், அந்த ஆற்றுக்கு இத்தனை நாள் என்று முறை வைத்து விடுவார்கள். நேற்று இடுப்பளவு ஓடிய ஆறு இன்று கணுக்காலளவாக இருக்கலாம். அதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். மீனின் இருப்பிடம், இரை, கரையில் நிற்கிறவரின் பாதுகாப்பு ஆகிய மூன்றும் இந்தக் கணக்கில்தான் அடங்கியிருக்கின்றன.

உங்கள் ஊரிலிருந்து ஒரு நாளைக்குப் பொருத்தமான வழி, திருவையாற்றுச் சாலையே என்பது என் கருத்து. பதிமூன்று கிலோமீட்டர் அளவே உள்ள அந்தச் சாலையில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளை வரிசையாகக் கடக்கலாம். ஒரே தாயின் பிள்ளைகளாக இருந்தும் அவற்றின் இயல்பு வேறு வேறு. வடவாறு ஒடுங்கியது, கரையோரத்து மர நிழலில் தக்கையை மிதக்கவிட்டு உட்கார ஏற்றது. வெண்ணாறு அகலமும் இழுப்பும் உள்ளது. நடு ஆற்றில் எறிவதைவிடக் கரையோரத் தேக்கத்தில் போடுவது நல்லது. விடியற்காலை ஐந்தரை மணிக்கு வெண்ணாற்றில் தொடங்குங்கள். வெயில் ஏறிய பின் வெட்டாற்றிலும் குடமுருட்டியிலும் நாணல் சாய்ந்த இடமாகப் பார்த்து, வயல் வடிகால் ஆற்றில் விழுகிற வாய்களைத் தேடுங்கள். நெல் வயலிலிருந்து வடியும் நீர் புழுவையும் பூச்சியையும் கொண்டுவந்து கொட்டுவதால் கெண்டையும் கெளுத்தியும் அங்கே கூடும். முன்பின் பார்த்திராத ஆற்றில் நான் முதலில் தேடுவது அந்த வடிகால் வாயைத்தான். அதற்கடுத்துப் பாலத் தூணின் பின்புறம் நீர் திரும்பிச் சுழலும் சிறு தேக்கத்தை.

மதியத்துக்கு மேல் காவிரிக்கு வாருங்கள். ஆனால் திருவையாற்றுப் படித்துறைகளில் தூண்டில் போட வேண்டாம். அங்கே நீத்தாருக்கு எள்ளும் நீரும் இறைத்துக்கொண்டு நிற்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் காலடியில் பிண்டச் சோற்றுக்காகக் கூடும் மீனைப் பிடிப்பது எளிதுதான். எளிது என்பதற்காகச் செய்யக்கூடாத செயல் அது. படித்துறையிலிருந்து நன்றாகத் தள்ளி, படுகைப் பக்கமாகப் போய்விடுங்கள்.

இன்னொரு நாள் கிடைத்தால் நீடாமங்கலத்தில் மதகுகள் வைத்து ஆற்றைப் பிரிக்கும் இடமான மூணாறு தலைப்புக்கு அழைத்துச் செல்லுங்கள். வெண்ணாறு அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிவதைப் பார்த்தால், டெல்டா என்ற சொல்லின் பொருள் உங்கள் மகனுக்குப் பத்துப் புத்தகம் படித்ததைவிடத் தெளிவாக விளங்கும். தூண்டிலைக் காரிலேயே வைத்துவிட்டுப் போய் வாருங்கள். ஏன் என்பதைக் கீழே கும்பகோணம் வாசகிக்கு எழுதியிருக்கிறேன்.

வினா: ஆற்றில் தூண்டில் போட யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? எங்கள் பக்கத்து ஊர் ஏரியில் போட்டபோது சண்டைக்கு வந்துவிட்டார்கள்.
— பட்டுக்கோட்டை வாசகர் ஒருவர்

விடை: சண்டைக்கு வந்தவர்கள் பக்கம் நியாயம் இருந்திருக்கக்கூடும். ஏரி, குளங்களின் மீன்பாசி உரிமை, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, பெரும்பாலும் ஏலத்தில் குத்தகைக்கு விடப்படுகிறது. குத்தகை எடுத்தவர் குஞ்சு வாங்கி விட்டு, தவிடும் பிண்ணாக்கும் போட்டு வளர்த்த மீன் அது. நாம் ஒரு மீனைத்தான் எடுத்தோம் என்று நினைப்போம். அவருக்கு அது வளர்த்த ஆட்டை ஓட்டிச் சென்றது போன்றது. ஆற்றிலும் சில பகுதிகள் குத்தகையிலோ மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் பொறுப்பிலோ இருக்கும். கரையில் வலை உலர்த்துகிறவரையோ ஊராட்சி அலுவலகத்தையோ கேட்டால் தெரிந்துவிடும். கோயில் குளங்களில் கேட்கவே வேண்டாம். வெடி வைப்பதும் நஞ்சு கலப்பதும் 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்தின்படியே குற்றம். மின்சாரம் பாய்ச்சிப் பிடிக்கிறவர்களைக் கண்டால் அருகில் நிற்காமல் உடனே காவல் துறைக்குச் சொல்லுங்கள்.

வினா: ரீல் பொருத்திய புதுத் தூண்டிலும் ஒரு பெட்டி நிறைய ரப்பர் மீன்களும் வாங்கினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் காவிரியில் நின்றும் ஒரு மீன்கூடக் கடிக்கவில்லை. பக்கத்தில் மூங்கில் குச்சியோடு உட்கார்ந்திருந்த பெரியவர் கூடை நிறையப் பிடித்துச் சென்றார். தவறு கருவியிலா, என்னிடமா?
— மயிலாடுதுறை கல்லூரி மாணவர் ஒருவர்

விடை: தம்பி, கருவியிலும் தவறில்லை, உங்களிடமும் தவறில்லை, இரைக்கும் மீனுக்கும்தான் பொருத்தமில்லை. ரப்பர் மீன் என்பது வேட்டையாடும் மீனை ஏமாற்றுவதற்காகச் செய்யப்பட்டது. நம் நன்னீரில் விராலும் வாளையும், கழிமுகத்தில் கொடுவாவும் அதைத் துரத்தி வந்து கவ்வும். ஓடும் காவிரியின் நடுவே இருக்கும் கெண்டை வகைகளுக்கு அது ஓர் அந்நியப் பொருள்.

ஒவ்வொரு மீனும் எந்த மட்டத்தில் மேய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும். அது மேல்மட்டத்தில் மேயும். ரோகு நடுமட்டத்தில் மேயும். மிர்கால் அடித்தரையைக் கிளறித் தின்னும். ஒரே இடத்தில் மூன்றும் இருந்தாலும், உங்கள் தக்கைக்கும் முள்ளுக்கும் இடையே விடும் தங்கூசியின் (தூண்டில் நரம்பின்) நீளத்தைப் பொறுத்தே எது கடிக்கும் என்பது முடிவாகும். அந்தப் பெரியவரைக் கவனித்திருந்தால், அவர் தக்கையை அடிக்கடி ஏற்றி இறக்கியதைப் பார்த்திருப்பீர்கள். மூங்கில் குச்சியின் சிறப்பும் அதுவே: கையின் அசைவு நேராக முள்ளுக்குப் போகிறது, முள்ளின் நடுக்கம் நேராகக் கைக்கு வருகிறது.

இரையைப் பொறுத்தவரை, கெண்டை வகைகளுக்கு மைதாவோ கோதுமை மாவோ போதும். வறுத்த தவிட்டையும் கடலைப் பிண்ணாக்கையும் சேர்த்துப் பிசைந்தால் வாசனை நீரில் பரவும். மாவு, காதுமடல் போல மெத்தென்று இருக்க வேண்டும். இறுகிவிட்டால் மீன் துப்பிவிடும், இளகிவிட்டால் இழுப்பில் கரைந்துவிடும். கெளுத்திக்கும் ஆராலுக்கும் மண்புழுவுக்கு நிகரான இரை கிடையாது. அதை ஆற்றங்கரையில் தோண்டாதீர்கள், கரை பலவீனமாகும். வாழைக் கொல்லையில் சருகுக் குப்பைக்கு அடியில் வேண்டிய மட்டும் கிடைக்கும். ஜிலேபிக் கெண்டை எதையும் தின்னும். அதைப் பிடித்தால் மகிழ்ச்சியோடு வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். காரணத்தைத் திருவாரூர் ஆசிரியருக்கான விடையில் காண்க.

தண்ணீர்க் கணக்கு இங்கும் வருகிறது. புதுத்தண்ணீர் வந்த முதல் வாரத்தில் நீர் செம்மண் நிறமாக இருக்கும். அப்போது மீன் கண்ணால் தேடாது, மோப்பத்தால் தேடும். எனவே புழுவும் பிண்ணாக்கும் நன்றாக வேலை செய்யும். ஐப்பசி மழை ஓய்ந்து, மார்கழியில் நீர் தெளிந்த பிறகு தடித்த தங்கூசியை மீன் கண்டுகொள்ளும். மெல்லிய தங்கூசி, சிறிய முள், கரையில் ஓசையின்மை இவையெல்லாம் அப்போது தேவைப்படும். உங்கள் ரப்பர் மீன்களை வீணாக்க வேண்டாம். ஓட்டம் குறைந்த வாய்க்காலிலும் ஆகாயத்தாமரை ஒதுங்கிய ஓரத்திலும் காலை வேளையில் மெதுவாக இழுத்துப் பாருங்கள், விரால் வரும்.

கெளுத்தியையும் தேளியையும் முள்ளிலிருந்து கழற்றும்போது வெறுங்கையால் பிடிக்காதீர்கள். அவற்றின் பக்கத் துடுப்பு முள் குத்தினால் நஞ்சு ஏறிக் கடுமையாக வலிக்கும். கை பொறுக்கிற அளவு சூடான வெந்நீரில் குத்திய இடத்தை அமிழ்த்தி வைத்தால் வலி அடங்கும், ஏனென்றால் அந்த நஞ்சு வெப்பத்தில் சிதைவது. வீக்கம் ஏறினாலோ முள் உள்ளே முறிந்திருந்தாலோ மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

வினா: என் மகன் பதினாறு வயதுப் பையன். நண்பர்களோடு சேர்ந்து, தெரியாத ஊர்களில் எல்லாம் ஆறு பார்த்து இறங்கி மீன் பிடிக்கப் போகிறான். போகாதே என்றால் கேட்பதில்லை. எனக்குச் சனி, ஞாயிறு வந்தாலே வயிற்றைக் கலக்குகிறது. அவனுக்கு எதைச் சொல்லி அனுப்புவது?
— கும்பகோணம் வாசகி ஒருவர்

விடை: அம்மா, போகாதே என்று சொல்ல வேண்டாம், சொன்னால் சொல்லாமல் போவான். எங்கே நிற்கக்கூடாது என்பதைச் சொல்லி அனுப்புங்கள். அதை என் வாழ்வில் நடந்ததிலிருந்தே சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், மேட்டூர் திறந்து சில நாட்கள் ஆகியிருந்தபோது, அக்காள் மகனை அழைத்துக்கொண்டு அரசலாற்றில் எனக்குப் பழக்கமில்லாத ஓர் ஊரின் அருகே இறங்கினேன். ஆறு வறண்டிருந்தது, நடுவில் ஒரு மடுவில் மட்டும் நீர் கிடந்தது. மணல் திட்டின் மேல் உட்கார்ந்து தூண்டில் போட்டோம். சிறிது நேரத்தில் மேற்கேயிருந்து சருகும் நுரையும் நாக்குப் போல நீண்டு மணலில் ஊர்ந்து வந்தன. புதுத்தண்ணீர் வருகிறது என்று பையனுக்குக் காட்டி மகிழ்ந்துகொண்டிருந்தேன். எழுந்து போகலாம் என்று திரும்பிப் பார்த்தபோது, எங்களுக்கும் கரைக்கும் இடையில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. மணல் திட்டுக்கும் கரைக்கும் நடுவே உள்ள பள்ளம் திட்டைவிடத் தாழ்வானது. தண்ணீர் முதலில் அதைத்தான் நிரப்பும். திட்டின் மேல் இருப்பவனுக்குக் கண்முன் உள்ள நீர் தெரியும், முதுகுக்குப் பின்னால் வழி அடைபடுவது தெரியாது. பையனைத் தோளில் ஏற்றிக்கொண்டு மார்பளவு நீரில் கரையேறினேன். அன்று காலையே ஒலிபெருக்கியில் ஊர் ஊராக அறிவித்துச் சென்றிருக்கிறார்கள். நான் வெளியூர்க்காரன் என்பதால் அது என் காதில் விழவில்லை.

ஆகவே அறியாத ஆற்றுக்குப் போகிறவன் கரையில் இறங்கும் முன் செய்ய வேண்டிய வேலை, அங்குள்ள ஒருவரிடம் பேசுவதே. மாடு மேய்க்கிறவரோ, துணி துவைக்கிற அம்மாவோ, மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரோ யாராக இருந்தாலும், “இந்த ஆற்றில் தண்ணீர் எப்போது வந்தது, இன்று கூடுமா குறையுமா” என்று கேட்கச் சொல்லுங்கள். லஸ்கர் கிடைத்தால் அதைவிட மேலான தகவல் வேறெங்கும் இல்லை. எந்தச் சட்ரஸை, அதாவது மதகுக் கதவை, எப்போது தூக்கப்போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதோடு, எங்கே மடு இருக்கிறது, எங்கே மணல் அள்ளிய குழி இருக்கிறது, சென்ற ஆண்டு யார் எங்கே மூழ்கினார்கள் என்பதையும் ஊர்க்காரர்கள் கேட்காமலே சொல்லுவார்கள். அதைக் கேட்டுக்கொள்ளும் பொறுமை பையனுக்கு வேண்டும்.

சட்ரஸுக்குக் கீழே நின்று மீன் பிடிப்பதுதான் நம் பகுதியில் நடக்கும் மிகப் பெரிய தவறு. புதுப்புனலை எதிர்த்து ஏறிவரும் மீன் மதகில் தடைபட்டு அங்கே குவிவதால் எல்லோருக்கும் ஆசை வருகிறது. ஆனால் மேலிருந்து விழும் நீர், தரையில் மோதி மேலெழுந்து மீண்டும் மதகை நோக்கியே திரும்பிச் சுருள்கிறது. அதற்குள் விழுந்தவரை அந்தச் சுருள் வெளியே விடாது. நீச்சல் தெரிந்தவருக்கும் இதே கதிதான். தளத்தின் பாசி வேறு வழுக்கும். இரு நூறு அடியாவது தள்ளி நிற்பதை உங்கள் வீட்டுச் சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் வாசகரின் மகனைத் தலைப்புக்குத் தூண்டில் இல்லாமல் போகச் சொன்னதும் இதனால்தான்.

கொள்ளிடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி மணல்வெளியாகக் கிடப்பதால் அதை ஆறு என்றே பிள்ளைகள் நினைப்பதில்லை. மேட்டூர் நிரம்பி உபரி நீர் திறக்கப்பட்டால் முக்கொம்பில் அதைக் கொள்ளிடத்தில்தான் திருப்பி விடுவார்கள். அப்போது மணல்வெளி முழுதும் கரை தொட்டு ஓடும். அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் முதலைகளும் உண்டு. கரையோரத்தில் குந்தி உட்கார்ந்து கை கழுவுவதோ, பிடித்த மீனை நீர் விளிம்பில் வைத்து ஆய்வதோ அங்கே கூடவே கூடாது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது பிள்ளைகள் வாங்கும் மடக்குத் தூண்டில்களில் பல கார்பன் இழையால் ஆனவை. மின்சாரம் அவற்றில் பாயும். வயலோரத்தில் பம்புசெட்டுக்குப் போகும் மின்கம்பிகள் தாழ்வாகத் தொங்கும் இடங்கள் நம் பகுதியில் ஏராளம். தூண்டிலை வீசும் முன் மேலே பார்க்கும் பழக்கம் வேண்டும். இடி இடித்தால் தூண்டிலைக் கீழே போட்டுவிட வேண்டும்.

வினா: காவிரியில் அரசு மீன்குஞ்சு விடும் படத்தைச் செய்தித்தாளில் பார்த்து, எங்கள் ஊர் இளைஞர்கள் பணம் சேர்த்து ஓடம்போக்கி ஆற்றில் தாங்களும் குஞ்சு வாங்கி விட விரும்புகிறார்கள். ஊக்குவிக்கலாமா? சிலர் வீட்டுத் தொட்டியில் பெரிதாகிவிட்ட மீன்களையும் விடலாம் என்கிறார்கள்.
— திருவாரூர் ஆசிரியர் ஒருவர்

விடை: ஆசிரியர் ஐயா, அந்த இளைஞர்களின் ஆர்வம் மதிக்கத்தக்கது, அதனாலேயே அவர்களைச் சரியான வழியில் திருப்ப வேண்டிய பொறுப்பு உங்களுக்கு வந்துவிட்டது. தொட்டி மீனை ஆற்றில் விடவே கூடாது. 1952இல் நாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை, முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பதால் குஞ்சுகள் பெருமளவு பிழைத்து, இன்று குளம், வாய்க்கால், ஆறு என்று எல்லா இடத்திலும் நம் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதனால்தான் அதைப் பிடித்தால் திரும்ப விடாதீர்கள் என்கிறேன். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதற்கு மத்திய அரசு 2000ஆம் ஆண்டே தடை விதித்தும், அது இன்னும் குட்டைகளிலிருந்து வெள்ளத்தில் தப்பி ஆற்றுக்கு வந்துகொண்டிருக்கிறது. வாய்க்குள் அடங்கும் எதையும் அது விழுங்கிவிடும்.

அரசின் திட்டம், 2020இல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டத்தின் ஒரு பகுதி. அதில் குஞ்சின் இனம், அளவு, விடும் இடம் ஆகியவற்றை மீன்துறை முடிவு செய்கிறது. தனியாக விடும்போது அந்தக் கவனம் இருக்காது. கட்லாவும் ரோகுவும் மிர்காலும் நம் ஆற்றில் பிறந்தவை அல்ல, கங்கைச் சமவெளியிலிருந்து வந்தவை என்பதையே பலர் அறிவதில்லை. சந்தையில் அவை நம்மோடு அவ்வளவு கலந்துவிட்டன. நம் சேல் கெண்டையையும் கல்பாசையும் பற்றி யார் கேட்கிறார்கள் என்பது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம். உங்கள் இளைஞர்கள் மாவட்ட மீன்துறை அலுவலகத்துக்குப் போய், நாட்டு மீன் குஞ்சு கிடைக்குமா, எந்த மடுவில் விடலாம் என்று கேட்கட்டும்.

விடும் இடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிப்பது. தை முடிந்து நீர் நின்ற பிறகு ஓடம்போக்கி போன்ற ஆறுகளில் பல மைல்களுக்கு நீரே இருக்காது. ஆவணியில் விட்ட குஞ்சு, மாசியில் குட்டைகளில் ஒதுங்கிக் கொக்குக்கும் சிறுகண்ணி வலைக்கும் இரையாகும். எனவே குஞ்சு விட வைத்திருக்கும் பணத்தில் பாதியையாவது, கோடையிலும் நீர் நிற்கிற ஓரிரு மடுக்களைக் காப்பதற்குச் செலவிடச் சொல்லுங்கள். துறையிடம் கேட்டு ஆகாயத்தாமரையை அகற்றலாம், குப்பை கொட்டாமல் பார்த்துக்கொள்ளலாம், வற்றும் மாதங்களில் அந்த மடுவில் மட்டும் வலை போடுவதில்லை என்று ஊர் கூடி முடிவெடுக்கலாம். அங்கே தப்பிய தாய்மீன் அடுத்த புதுப்புனலில் இடும் முட்டையின் எண்ணிக்கைக்கு முன், நாம் டப்பாவில் கொண்டுபோய் விடும் குஞ்சு ஒரு பொருட்டே அன்று. இதே காரணத்துக்காகத் தூண்டில்காரர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புதுத்தண்ணீர் வந்த முதல் சில வாரங்களில் வயிறு பருத்த சினை மீன் கிடைத்தால், கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றி, ஓட்டத்துக்கு எதிராகத் தலையைப் பிடித்து, அது தானாக வாலை அடித்துப் போகும்வரை தாங்கி விட்டுவிடுங்கள். உலர்ந்த கையால் பிடித்தால் அதன் மேலுள்ள வழுவழுப்பு போய்விடும். பிறகு அங்கே நோய் பற்றும்.

வினா: எங்கள் வயலை ஒட்டிய வாய்க்காலில் சிவப்பு நிறத்தில் சிறு குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து வந்து போகின்றன. அந்த இடத்தில் தூண்டில் போட்டால் பெரிய விரால் கட்டாயம் கடிக்கும் என்று வெளியூரிலிருந்து வந்த இருவர் சொன்னார்கள். உண்மையா?
— மன்னார்குடி வாசகி ஒருவர்

விடை: உண்மைதான், அம்மா. அவை விரால் குஞ்சுகள். சிறு பருவத்தில் சிவந்த நிறமாகத்தான் இருக்கும். விரால் நேரடியாகக் காற்றையும் சுவாசிக்கும் மீன் என்பதால் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து போகின்றன. அவற்றுக்குக் கீழே தாய்மீனோ தகப்பன் மீனோ, சில வேளை இரண்டுமோ, காவல் இருக்கும். அந்த இடத்தில் எது விழுந்தாலும் அவை பாய்ந்து கவ்வும். பசியால் அன்று; குஞ்சைக் காப்பதற்காக. வந்த இருவரும் அதை அறிந்தே சொல்லியிருக்கிறார்கள். காவல் மீனைத் தூக்கிவிட்டால் அன்று மாலைக்குள் தவளையும் கெளுத்தியும் நாரையும் அந்தக் கூட்டத்தைத் தீர்த்துவிடும். குஞ்சுகள் சிவப்பு மாறிக் கறுத்து, தனித்தனியாகப் பிரியச் சில வாரங்கள் ஆகும். அதுவரை அந்த வாய்க்காலில் தூண்டில் வேண்டாம் என்று நீங்களே அவர்களிடம் சொல்லுங்கள். உங்கள் வயலை ஒட்டிய கரை, நீங்கள் சொன்னால் கேட்பார்கள். மீன் பிடித்தே ஆக வேண்டுமென்றால், பாமணியாற்றில் இந்த வாரம் தண்ணீர் முறை இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு அங்கே போகச் சொல்லுங்கள்.